கொழும்பு ஈரத்தில் கம்பளி மேலுறை: துணி நாப்பி கட்டும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

துணி நாப்பியின் மேல் கம்பளி மேலுறை போடலாம் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, வியர்வை காயாத இந்த ஊரில் யாராவது பிள்ளைக்குக் கம்பளி உடுத்துவார்களா என்று நானும் சிரித்தேன். ஆனால் என் மகளுக்கு நான்காவது மாதத்தில் பிளாஸ்டிக் ஜட்டியின் இறப்பர்ப் பட்டி தொடையைச் சுற்றிச் சிவந்த வளையமாகப் பதிந்து, இரவில் இரண்டு தடவை படுக்கை விரிப்பையும் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, லண்டனிலிருந்து வந்திருந்த மச்சாள் தன் பிள்ளைக்குப் போட்டுப் பழகிய இரண்டு கம்பளி மேலுறைகளைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். அவற்றில் ஒன்றை இரண்டு கிழமைக்குள் பொம்மைக்குக்கூடப் பற்றாத அளவுக்குச் சுருக்கிவிட்டேன். மற்றதில் பூஞ்சணம் பிடித்தது. நான் படித்த குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர் தங்கள் வீட்டுக் காற்றை நினைத்து எழுதியவை. அவர்கள் ஒரு வரியில் முடித்துவிடும் உலர்த்தும் வேலை வெள்ளவத்தையில் மழைக்காலத்தில் மூன்று நாள் இழுக்கிறது. கழுவுவதைக் குறைத்துக் காற்றாட விடுவதைக் கூட்டினால்தான் கம்பளி இங்கே தாக்குப்பிடிக்கும் என்பதை இரண்டு மேலுறைகளைப் பலிகொடுத்த பிறகே கற்றுக்கொண்டேன்.

ஏற்கெனவே துணி நாப்பி கட்டும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். நாப்பி மடிக்கும் முறைகளை இங்கே விளக்கப்போவதில்லை.

1. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

கம்பளி இழையின் வெளிப்புறம் செதில்களால் மூடப்பட்டு, ஆட்டின் தோலில் சுரக்கும் மெழுகுப் பசையுடன் இருப்பதால், நீர்த்துளி அதன் மேல் உருண்டு நிற்கும். உட்புறமோ ஈரத்தை உறிஞ்சுவது. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீத அளவு ஈராவியை உள்வாங்கிக்கொண்ட பிறகும் கம்பளியைத் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பிளாஸ்டிக் ஈரத்தையும் சூட்டையும் பிள்ளையின் தோலோடு சேர்த்து அடைத்துவைக்கிறது. கம்பளி அவற்றை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. அதனால்தான் பார்ப்பதற்குக் கனமாக இருந்தாலும், மின்விசிறிக்குக் கீழே படுக்கும் பிள்ளைக்குப் பிளாஸ்டிக்கைவிடக் கம்பளியே வெக்கை குறைந்தது. காற்றோட்டம் இல்லாத அறையில் இந்த நன்மை பெருமளவு போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கம்பளியின் பெரிய பலவீனம் அழுத்தம். ஈரமான நாப்பியின் மேல் இறுக்கம் விழுந்தால் சிறுநீர் இழைகளுக்கிடையில் பிழிந்து வெளியே வந்துவிடும். ஆகவே காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் ஒரு மணித்தியாலம் வாகன இருக்கையில் பட்டி மாட்டி அமர்த்துவதற்கோ, துணித் தூளியில் உடம்போடு கட்டித் தூக்கிச் செல்வதற்கோ இதை நம்ப வேண்டாம். இரவுத் தூக்கத்துக்கும் வீட்டில் தவழும் நேரத்துக்கும் மட்டும் முதலில் பயன்படுத்திப் பாருங்கள். நான் இன்றுவரை பகலில் வெளியே போகும்போது வேறு உறையைத்தான் போடுகிறேன்.

பிள்ளைக்குக் கரப்பான் போன்ற தோல் வறட்சி நோய் இருந்தால் முரட்டுக் கம்பளி அதை உறுத்தும். மெரினோ போன்ற மென்மையான கம்பளி பலருக்கு ஒத்துக்கொள்ளும் என்றாலும், மருத்துவரிடம் கேட்ட பின்பே தொடங்குங்கள். கம்பளிக் கொழுப்பான லனோலின் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும். அரிதுதான், ஆனாலும் முதல் நாள் பிள்ளையின் கையில் மிகச் சிறிதளவு தடவி மறுநாள் வரை பார்ப்பதில் நட்டம் ஏதுமில்லை.

2. எத்தனை வேண்டும், எவ்வளவு செலவாகும்

குளிர்நாட்டுக் கணக்கில் மூன்று மேலுறைகள் போதும்: ஒன்று பிள்ளையின் உடம்பில், ஒன்று காற்றில், ஒன்று கழுவி உலர்வதில். கொழும்பில் நான்கு வைத்திருங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றின் நாட்களில் உலர்வது எப்போதும் ஒன்றாக இருக்காது, இரண்டாக இருக்கும். இரவுக்கு மட்டும் என்றால் இரண்டில் தொடங்கலாம்.

வகைகள் மூன்று. கால் வழியாக இழுத்துப் போடும் பின்னல் ஜட்டி, இரு பக்கமும் பொத்தானோ ஒட்டுப்பட்டியோ உள்ள சுற்று உறை, கணுக்கால் வரை நீளும் கால்சட்டை. நீளக் கால்சட்டை இந்தச் சூட்டுக்கு வேண்டாம். இரவில் பிள்ளை உறங்கும்போதே மாற்ற வேண்டியிருப்பதால் சுற்று உறை வசதி. இழுத்துப் போடுவது கசிவு குறைந்தது. நான் பின்னல் ஜட்டியையே விரும்புகிறேன், ஏனெனில் ஒட்டுப்பட்டி கம்பளியைக் கிளறி நூலை இழுத்துவிடுகிறது.

அளவு எடுக்கும்போது வெறும் இடுப்பை அளக்காதீர்கள். இரவு நாப்பியைக் கட்டியபின் அதன் மேல் இடுப்பையும் தொடையையும் அளவெடுங்கள். நாடா இல்லாவிட்டால் நூலால் அளந்து அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் ஒரு பின்னல் மேலுறை ஏறத்தாழ 20 முதல் 35 யூரோ வரை விற்கிறது. நம் பணத்தில் 7,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு தூய லனோலின் ஒரு குழாய் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார் முலைக்காம்பு வெடிப்புக்குப் பூசும் லான்சினோ போன்ற களிம்புகள் தூய லனோலின்தான். பாமசியில் கேட்கும்போது சேர்மானங்களில் லனோலின் ஒன்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லனோலின் கலந்த குழந்தைக் கிறீம் வேறு, தூய லனோலின் வேறு. ஒரு தடவைக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது 2 முதல் 3 கிராம் செலவாகும் என்பதால், 40 கிராம் குழாய் பதின்மூன்று முதல் இருபது தடவைக்கு வரும். பிரசவத்துக்கு வாங்கிப் பாதியில் விட்ட குழாய் அலுமாரியில் கிடந்தால் முதலில் அதை எடுங்கள்.

3. எங்கிருந்து பெறுவது, என்ன ஆவணம் வேண்டும்

மிக மலிவான வழி, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டி. லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. பயன்படுத்திய மேலுறைகளைக் கேட்டு வாங்கவும் தயங்க வேண்டாம். நன்றாகப் பேணப்பட்ட கம்பளி மூன்று பிள்ளைகளுக்குத் தாங்கும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அரித்த துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

தபாலில் எடுப்பித்தால், வெளிநாட்டுப் பொதிகளைச் சுங்க அதிகாரிகள் பரிசோதிக்கும் இடம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகம். பொதி வந்துள்ளதாக அறிவித்தல் கிடைத்தால், அந்த அறிவித்தலையும், தேசிய அடையாள அட்டையையும், விலைச்சிட்டையையும், பணம் செலுத்தியதற்கான சான்றையும் மூலமும் நகலுமாகக் கொண்டுபோங்கள். உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போவதானால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அனுப்புபவரிடம் 'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதி விலையை வெறுமையாக விட வேண்டாமென்று சொல்லுங்கள். விலை எழுதாத பொதிக்கு அதிகாரி தாமே ஒரு விலையை மதிப்பிட வேண்டியதாகிவிடும், அது நீங்கள் கொடுத்த விலையைவிடக் கூடியிருக்கலாம். 2024 சனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இதர தீர்வைகள் அதற்கு மேல். வாங்கும் விலையோடு தபால் செலவையும் வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே கட்டளையிடுங்கள். ஒன்றை மட்டும் எடுப்பிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

மூன்றாவது வழி உள்ளூரிலேயே செய்வது. நுவரெலியாவில் விற்கும் குளிராடைகளிலோ பழைய ஆடைக் கடைகளிலோ நூறு வீதக் கம்பளிச் சுவெட்டர் கிடைத்தால், அதைச் சுடுநீரில் துவைத்து வேண்டுமென்றே சுருங்கிக் கெட்டியாக விட்டு, வெட்டித் தைத்து மேலுறையாக்கலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. நம்மூரில் சூடாக இருக்கும் எந்தத் துணியையும் கம்பளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றில் பெரும்பங்கு அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஓரத்திலிருந்து இரண்டு அங்குல நூலை இழுத்தெடுத்து, இடுக்கியால் பிடித்து, நீர்த்தொட்டிக்கு மேலே வைத்து நெருப்பைக் காட்டுங்கள். கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். புறக்கோட்டையில் பின்னல் நூல் வாங்கும்போதும் இதே சோதனைதான். சலவை இயந்திரத்தில் போடலாம் என்று எழுதியுள்ள கம்பளி நூலையும் தவிர்த்துவிடுங்கள். சுருங்காதிருக்க அதன் செதில்களை மழுக்கியிருப்பார்கள், நம் வேலைக்கு அது மட்டமானது.

4. முதல் பயன்பாட்டுக்கு முன்: கழுவி லனோலின் ஏற்றுதல்

புதிய மேலுறையை அப்படியே போட்டால் முதல் இரவே கசியும். கடைக்கு வருமுன் கம்பளியைக் கழுவும்போது அதன் இயற்கைக் கொழுப்பு போய்விட்டது. அதை நீங்கள் திருப்பி ஏற்ற வேண்டும். புதிய பின்னல் மேலுறைக்கு இரண்டு தடவை, ஒன்று உலர்ந்த பின் மற்றது. வெளிநாட்டில் இதற்கு ஒரு வாரக் கடைசி போதும். இங்கே ஒரு கிழமை ஒதுக்குங்கள். சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் தொடங்கினால் பாதித் தொல்லை குறையும்.

தண்ணீர் எடுப்பதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். காலையில் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு, இடையில் பிள்ளை அழுததால் வேலையை விட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு அதே பைப்பைத் திறந்து அலசினேன். மொட்டைமாடியிலுள்ள கறுப்புத் தாங்கியில் வெயில் காய்ந்த நீர் கையைச் சுடும் அளவில் வந்தது. கம்பளியின் செதில்கள் சூட்டிலும் சவர்க்காரத்திலும் விரிந்து, அசைக்க அசைக்க ஒன்றோடொன்று கொளுவி இறுகிவிடும். இறுகியதை இனி எவராலும் அவிழ்க்க முடியாது. ஆகவே கழுவும் நீரையும் அலசும் நீரையும் காலையிலேயே ஒரே நேரத்தில் இரண்டு வாளிகளில் பிடித்து வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும், ஏறத்தாழ 30 பாகை. மணிக்கட்டின் உட்பக்கத்தை நனைத்தால் குளிரவும் கூடாது, சுடவும் கூடாது.

சவர்க்காரத்துக்கு வாசனை குறைந்த குழந்தை ஷாம்பு போதும். கம்பளியும் முடிதானே. சலவைத் தூளைத் தொடாதீர்கள்: கறை நீக்குவதற்காக அதில் சேர்க்கும் நொதிகள் புரதத்தைக் கரைப்பவை, கம்பளி முழுக்கப் புரதம். சவர்க்காரக் கட்டியின் காரமும் ஆகாது. குளோரின் வெளுப்பான் கம்பளியையே கரைத்துவிடும். நாப்பிகளைக் கிருமிநீக்கியில் ஊறவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மேலுறை தவறி அந்த வாளிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசினில் ஷாம்புவைக் கலக்கி மேலுறையை நீருக்குள் அமிழ்த்திப் பிடியுங்கள். கொழுப்பு மிச்சமிருக்கும் கம்பளி நனைவதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும், மிதக்கிறதே என்று கசக்க வேண்டாம். பத்து நிமிடம் ஊறியபின் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டு, மற்ற வாளியில் ஒரு தடவை அலசுங்கள்.

இனி லனோலின். வாயகன்ற, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் அரைத் தேக்கரண்டி லனோலினும் அரைத் தேக்கரண்டி ஷாம்புவும் இட்டு, கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீர் ஒரு கோப்பை ஊற்றி, லனோலின் முழுவதும் உருகும் வரை கரண்டியால் கலக்குங்கள். பிறகு மூடி, துவாயால் சுற்றிப் பிடித்துக் குலுக்குங்கள். நீர் பால் போல வெண்மையாக வேண்டும். மேலே மஞ்சள் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் இன்னும் கொஞ்சம் ஷாம்பு விட்டுக் குலுக்க வேண்டும். இதை அவசரப்பட்டு அப்படியே ஊற்றினால் கொழுப்பு திட்டுத் திட்டாகப் படியும், திட்டில்லாத இடம் கசியும். அந்தப் பாலை இரண்டு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் ஊற்றி, கை வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே மேலுறையை உட்புறம் வெளியே திருப்பி அமிழ்த்துங்கள். நான்கு மணித்தியாலம் முதல் ஓர் இரவு வரை கிடக்கலாம். எடுத்தபின் அலச வேண்டாம்.

கொழும்புக் குழாய்நீர் மென்மையானது, பால் எளிதில் கலங்கிவிடும். யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தபோது அங்குள்ள கிணற்று நீரில், ஷாம்பு முடிந்துவிட்டதென்று சவர்க்காரத்தைக் கரைத்து இதையே செய்தேன். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர் சவர்க்காரத்தோடு சேர்ந்து தயிராகத் திரைந்துவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் ஷாம்புவையும் கூடவே கட்டிக்கொண்டு போங்கள்.

5. உலர்த்துதல்

கொழும்பில் கம்பளியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

முறுக்கிப் பிழியக் கூடாது. மேலுறையைத் தடித்த துவாயின் மேல் விரித்து, துவாயோடு பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, சுருளின் மேல் ஏறி நின்று மிதியுங்கள். பிறகு உலர்ந்த இன்னொரு துவாயில் மீண்டும் ஒரு தடவை. இந்த இரண்டாவது துவாயை நான் நெடுநாள் சோம்பலால் தவிர்த்துவந்தேன். அது அரை நாளை மிச்சப்படுத்துகிறது. சலவை இயந்திரம் உள்ளவர்கள், வலைப்பையில் இட்டு, நீரில்லாமல் மிகக் குறைந்த வேகத்தில் ஓரிரு நிமிடம் சுழற்றி எடுக்கலாம்.

கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் இழுபட்டு, கால் நுழையும் வாய் அகன்று, பிறகு கசியும். மட்டமாக விரிக்க வேண்டும், ஆனால் தரையிலோ மேசையிலோ அல்ல. அடியில் காற்றுப் போகாத பக்கம் மூன்றாம் நாள் புளித்த மணம் எழுப்பும். எங்கள் வீட்டில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று யாரும் உட்காராமல் மூலையில் கிடந்தது. அதை மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, அதன் மேல் விரித்தேன். மேலும் கீழும் காற்று போகிறது. பிரம்பு நாற்காலி இல்லாவிட்டால் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். மாலையில் உட்புறத்தை வெளியே திருப்புங்கள்.

நேர்வெயில் வேண்டாம், நிழற்காற்று போதும். நீடித்த வெயில் கம்பளியை மஞ்சளாக்கி, இழையை முறியப் பண்ணும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: மரைன் டிரைவைப் பார்த்த பல்கனியில் காற்று அள்ளிக்கொண்டு போகும்போது அங்கே போட்டால் சீக்கிரம் காயும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் காற்று உப்பைச் சுமந்து வருகிறது, படிந்த உப்போ ஈரத்தை மறுபடியும் இழுத்து வைத்துக்கொள்கிறது. கடலைப் பார்க்காத மறுபக்கத்து அறைக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் மேலுறைகள் உண்மையாகவே உலர்ந்தன.

வறண்ட மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே ஒன்றரை நாள், ஒக்டோபர் நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழைக் காலத்திலும் பருவக்காற்றிலும் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குளிரூட்டி போடும் வீடானால் நாற்காலியை அந்த அறைக்குள் வைத்துவிடுங்கள். குளிரூட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுப்பதால் ஒரே இரவில் பெரும்பகுதி காய்ந்துவிடும். மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டியில் குளிர்ச்சி தெரிந்தால், முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து அந்த இடத்துக்கு மட்டும் காட்டலாம். சூட்டில் வைக்க வேண்டாம்.

உலர்ந்ததும் ஒரு தேக்கரண்டி நீரை அதன் மேல் விட்டுப் பாருங்கள். மணிபோல உருண்டு நின்றால் தயார். உடனே உள்ளிழுத்தால் இன்னொரு தடவை லனோலின் வேண்டும்.

6. ஒவ்வோர் இரவும்

உள்ளே இருக்கும் துணி நாப்பி இரவு முழுவதுக்கும் போதுமான உறிஞ்சலுடன் இருக்க வேண்டும். மேலுறை நீரைத் தேக்கும் பாத்திரம் அல்ல. ஒரு மெல்லிய நாப்பியைக் கட்டி அதன் மேல் எவ்வளவு நல்ல கம்பளியைப் போட்டாலும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு தடித்த துவாய்த்துணி நாப்பியும் நடுவில் மடித்து வைத்த இன்னொரு துண்டும் தேவைப்படும். மேலுறையைப் போட்டபின் இரு தொடையோரமும் இடுப்போரமும் விரலை ஓடவிட்டு, நாப்பியின் நுனி எங்காவது வெளியே நீட்டியிருந்தால் உள்ளே தள்ளுங்கள். நீட்டிய ஒரு நூலிழை போதும், சட்டை, விரிப்பு, தலையணை எல்லாம் நனைந்துவிடும். மேலே இறுக்கமான காற்சட்டை போட வேண்டாம், மேலுறையே உடை.

காலையில் கழற்றியதும் உட்புறம் வெளியே திருப்பிக் காற்றில் போடுங்கள். அழுக்குத் துணிக் கூடைக்குள் போடவே கூடாது. எனது இரண்டாவது மேலுறையில் பூஞ்சணம் பிடித்தது அந்தக் கூடையில் இரண்டு நாள் கிடந்ததால்தான். குறைந்தது 24 மணித்தியாலம் ஓய்வு கொடுத்து, கையில் பிடித்தால் சற்றும் குளிர்ச்சி தெரியாதபோது மட்டும் மீண்டும் போடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஆட்டு வாசம் வருவது இயல்பு. முதல் நாள் எங்கள் மாமி அடுப்படிக்குள் வந்து இன்றைக்கு ஆட்டிறைச்சியா என்று கேட்டார். உலர்ந்ததும் அது மறைந்துவிடும்.

7. எப்போது கழுவுவது

நன்றாக உலர்ந்த பின்பும் மூத்திர நெடி நின்றால் கழுவும் நாள் வந்துவிட்டது. குளிர்நாடுகளில் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை என்கிறார்கள். இங்கே வியர்வையும் சேர்வதால் எனக்கு இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை தேவைப்படுகிறது. லனோலினை ஒவ்வொரு கழுவலுக்கும் ஏற்ற வேண்டியதில்லை. நீர்த்துளிச் சோதனை சொல்லும்.

மலம் பட்டால் காத்திருக்காமல், பட்ட இடத்தை மட்டும் அறைச் சூட்டு நீரில் துளி ஷாம்புவுடன் விரலால் தட்டித் தட்டிக் கழுவி, துவாயில் ஒற்றி எடுங்கள். முழு மேலுறையையும் நனைத்தால் மூன்று நாள் அதை இழந்துவிடுவீர்கள்.

வயிற்றோட்டம் பிடித்த நாட்களில் கம்பளியை எடுத்து வைத்துவிட்டு வேறு உறையோ பம்பர்ஸோ போடுங்கள். பூஞ்சைத் தொற்றால் நாப்பி கட்டும் இடத்தில் வரும் சிவப்பு என்று மருத்துவர் சொன்னால் கட்டாயம் நிறுத்துங்கள். பருத்தி நாப்பியைக் கொதிநீரில் அவிக்கலாம், கம்பளியை அவிக்க முடியாது. நோய் தீரும் முன் அதே மேலுறையைத் திரும்பப் போட்டால் தொற்றும் திரும்பி வரக்கூடும்.

வீட்டு வேலைக்கு உதவிக்கு வருபவரும், பிள்ளையைப் பார்க்க வந்து தங்கும் பெரியவர்களும் நல்லெண்ணத்தோடு இதைத் துவைத்துவிடுவார்கள். தமிழிலும் சிங்களத்திலும் 'இதைத் துவைக்க வேண்டாம்' என்று எழுதிய தாளைச் சலவை இயந்திரத்தின் மூடியில் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் சுருங்கவில்லை.

8. கசிந்தால் எங்கே தேடுவது

ஈரம் தொடையோரத்தில் என்றால் நாப்பி நீட்டியிருந்தது, அல்லது மேலுறை பெரிது. அடிப்பக்கம் முழுதும் நனைந்திருந்தால் உள் நாப்பி போதவில்லை. பிள்ளை குப்புறப் படுக்கிறபடியால் முன்புறம் மட்டும் நனைந்தால், மடித்த துண்டை முன்னால் தள்ளி வையுங்கள். இவை மூன்றையும் சரிபார்த்த பிறகே லனோலினைக் கையில் எடுங்கள். கசியும்போதெல்லாம் லனோலினை ஏற்றி ஏற்றி, தொட்டால் பிசுபிசுக்கும் மேலுறை ஒன்றை நான் உருவாக்கியிருக்கிறேன். அது தூசியையும் தலைமுடியையும் இழுத்ததே தவிர, கசிவு நிற்கவில்லை, ஏனெனில் பிழை நாப்பியில் இருந்தது. அதிகமாகிவிட்டால் ஷாம்புவில் ஒரு தடவை கழுவினால் போய்விடும்.

9. எடுத்து வைப்பது

பிள்ளைக்குப் பற்றாமல் போன மேலுறையைக் கழுவாமல் வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் சிறுநீரும் படிந்த கம்பளியைத்தான் முதலில் தேடிப்போகும். கழுவி, லனோலின் ஏற்றாமல், வழக்கத்தைவிட ஒரு நாள் கூடுதலாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் இட்டு மூடுங்கள். ஏற்கெனவே துளை தெரிந்தால், பையோடு உறைபெட்டியில் ஒரு கிழமை வைத்து எடுத்தால் புழு சாகும்.

அலுமாரியில் பூச்சி உருண்டை போடும் வழக்கத்தைப் பிள்ளைத் துணிகளுக்கு மட்டும் அறவே விட்டுவிடுங்கள். நப்தலீன் உருண்டையின் ஆவி படிந்த உடையை அணிவித்தாலே, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை வரலாம். பரிசோதிக்காத வரை அந்தக் குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாது. உறவினர் வீட்டு அலுமாரியிலிருந்து வரும் பழைய மேலுறையில் அந்த மணம் இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

எடுத்து வைத்த பையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே காற்றாட விட்டு மறுபடி மூடுங்கள். அடுத்த பிள்ளைக்கு எடுக்கும்போது நான்காம் படியிலிருந்து தொடங்க வேண்டும். சுருங்கிப்போன அந்த முதல் மேலுறையை நான் எறியவில்லை. இரண்டாக வெட்டி, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணியாக வைத்திருக்கிறேன், சூடு சற்றும் கைக்கு ஏறுவதில்லை.